குடைக்காரன் என்ன நிறம்?

சிவகாசி
24.11.2002

அன்புள்ள அருணாதேவி அவர்களுக்கு,

ஆமத்தூர் பள்ளிக்கூடத்தில் உங்களோடு பத்தாம் வகுப்பு வரை படித்த பானுப்பிரியா எழுதுவது. யாரென்று முழிக்க வேண்டாம், உங்கள் காட்டில் களையெடுத்த அய்யம்மாளின் மகள். போன வாரம் அம்மா ஆமத்தூர் போனபோது உங்கள் அம்மாவைப் பார்த்துப் புனே விலாசம் வாங்கி வந்தாள். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கிறீர்களா? அங்கே குளிர் எலும்பைக் கடிக்கும் என்று உங்கள் அம்மா சொன்னார்களாம். இங்கே எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. தம்பி பாண்டிக்கு மட்டும் ஒரு வாரமாக இருமல்.

நாங்கள் சிவகாசிக்கு வந்து ஆறு வருடமாகிறது. நான் ஒரு லேபிள் பிரஸ்ஸில் இருக்கிறேன். பட்டாசுப் பெட்டிக்கு மேலே ஒட்டுகிற படம் அடிக்கும் கம்பெனி. அடித்து வந்த தாளை எண்ணி அடுக்குவது என் வேலை. படம் வரைகிற சோலைமலை அண்ணன் தீபாவளி முடிந்ததும் வேலையை விட்டுப் போய்விட்டார். முதலாளி நல்லசிவம் அண்ணாச்சி எல்லாரையும் கூப்பிட்டு, "வர்ற சீசனுக்குப் பூச்சட்டிக்குப் புதுப் படம் வேணும். பிள்ளைக பாத்ததும் கைய நீட்டணும். யாரு போட்டாலும் சரி, எனக்குப் பிடிச்சிருந்தா சோலைமலை இடம் அவுகளுக்கு" என்றார். அந்த இடம் எனக்கு வேண்டும். அம்மா தன்னோடு வெடிக் கம்பெனிக்கு வரச் சொல்கிறாள், கூலி கூட என்று. எனக்கு அந்த மருந்து வாசனையே ஆகாது.

பூச்சட்டியைக் கொளுத்தினால் பொறி மேலே போய் மழையாகக் கொட்டும் இல்லையா? அந்த மழையில் குடை பிடித்து ஒருவன் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். யோசித்ததுமே குடைக்காரன் வந்து நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டு டிவியில் வருமே, குடையோடு ஊர் ஊராகத் திரியும் நீர்யானை, அந்தக் கார்ட்டூன். இந்தியில் பேசும். ஒரு வார்த்தை விளங்காது. பெயர்கூடத் தெரியாமல் நாமே குடைக்காரன் என்று வைத்துக்கொண்டோம்.

சிக்கல் நிறத்தில்தான். என் ஞாபகத்தில் அவனுக்குத் தலை நீலம், வயிறு ஆரஞ்சு, கால் பச்சை. பாண்டியும் அதையேதான் சொல்கிறான். ஆனால் அவன் குதித்தால் கால் ஆரஞ்சாகிவிடும், குனிந்தால் தலை பச்சையாகிவிடும். இது எப்படி என்று ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. அது கறுப்பு வெள்ளை டிவி. உங்கள் அப்பா மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை என்று ஒரு பிளாஸ்டிக் தாளை அதன் முகத்தில் மாட்டியிருந்தார். அப்படியானால் உண்மையில் அவன் என்ன நிறம்? உங்களைத் தவிரக் கேட்க ஆளில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கடைசிக்கு முந்தின வாரம் வெள்ளம் வந்து அவன் குடை ஆற்றோடு போனது. கடைசி வாரம் நான் பார்க்கவில்லை. குடை திரும்பக் கிடைத்ததா?

குளிரில் காதைக் கட்டிக்கொள்ளுங்கள். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

பானுப்பிரியா


புனே
12.12.2002

அன்புள்ள பானு,

உன் கடிதத்தால் அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பு தீய்ந்தது. அடுப்பை மறந்துவிட்டு மூன்று தடவை படித்தேன். இருவரும் நலம். குளிர் என்னவோ உண்மைதான், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசல் பெருக்குகிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பாண்டியின் இருமல் தேவலையா? கஷாயம் கொடுத்தால் துப்புகிற ஆள் அவன், பிடித்து உட்காரவைத்துக் கொடு.

என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறார். அதுவரைக்கும் நானும் டிவியும்தான். இங்கே பகல் முழுக்கக் கார்ட்டூன் காட்டுகிற சேனல்கூட இருக்கிறது. கழுதை வயதாகிறது, உட்கார்ந்து பார்க்கிறேன். எதிலும் நம் குடைக்காரன் வரவில்லை.

அந்தப் பிளாஸ்டிக் தாளை அப்பா விருதுநகர் பொருட்காட்சியில் வாங்கி வந்தார். கலர் டிவி வந்துவிட்டது என்று பாதி ஊர் வந்து பார்த்தது. செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு நெற்றி நீலம், மூக்கு ஆரஞ்சு. அப்பாவுக்கு ஒரே பெருமை. என்ன மாதிரிக் காலம் பானு அது. எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அந்தப் பெரிய கூடத்தில், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.

நிறம் எனக்கும் தெரியாது. வீட்டுக்குக் கலர் டிவி வருவதற்குள் அந்தக் கார்ட்டூன் நின்றுவிட்டது. ஆனால் நீ கேட்டபிறகு எனக்கும் அரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் கேசட் கடைகளுக்குக் குறைவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வேன். நீ அவனை எப்படி வரைந்திருக்கிறாய் என்று ஒரு படம் அனுப்பு. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் மூக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து மாட்டிக்கொண்டவள் ஆயிற்றே நீ.

உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அருணா


சிவகாசி
4.1.2003

அன்புள்ள அருணாதேவி அவர்களுக்கு,

பொங்கலுக்கு முன்னால் இது கைக்கு வரும் என்று நினைக்கிறேன். அங்கே கரும்பு கிடைக்குமா? பாண்டி இருமிக்கொண்டேதான் இருக்கிறான், கஷாயத்தைத் துப்புவதிலும் மாற்றமில்லை. மற்ற எல்லாரும் திடமாக இருக்கிறோம். நீங்கள் இருவரும் சுகம்தானே?

படத்தை மடித்து வைத்திருக்கிறேன். பென்சிலில் போட்டது. இதே மாதிரி ஒன்றைத்தான் முதலாளியிடம் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா பானு, இவன் யாரப் பாத்துச் சிரிக்கான்? அங்கன ஒருத்தரும் இல்லையே."

"அவன் அப்படித்தான் அண்ணாச்சி, எப்பவும் அந்தப் பக்கம் திரும்பித்தான் சிரிப்பான்."

"சரி, குடைய ஏன் இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கான்? முதுகு பூரா நனையுதே. குடை பிடிக்கத் தெரியாத பயல வச்சா எம்புட்டுப் பெட்டி விக்கும்?"

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான். குடைக்காரன் எப்போதும் குடையை இடது பக்கமாகத்தான் சாய்த்துப் பிடிப்பான், முதுகு நனைந்துகொண்டே போவான். சின்ன வயதில் அவன் ஒரு மடையன் என்றும், அதனால்தான் வேடிக்கையாக இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி சித்திரை வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் படம் பிடிக்காவிட்டால் மதுரையிலிருந்து கம்ப்யூட்டரோடு ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுவாராம். அந்தக் கம்ப்யூட்டர் கைக்கு முன்னால் என் பென்சில் என்ன செய்யும் என்று கவலையாக இருக்கிறது.

நிறம் தெரிந்ததா? போன கடிதத்தில் கடைசி வாரத்தைப் பற்றி நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள். குடை கிடைத்ததா இல்லையா?

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

பானுப்பிரியா


புனே
27.1.2003

அன்புள்ள பானு,

கரும்பு கிடைத்தது, துண்டு போட்டுத் தோல் சீவிப் பொட்டலத்தில் கொடுத்தார்கள். கடித்துத் துப்ப இடமில்லாத ஊர். நாங்கள் சுகம். நீ, அம்மா, பாண்டி மூன்று பேரும் பொங்கலை நன்றாகக் கொண்டாடினீர்களா?

படத்தைப் பார்த்ததும் கண்ணை நம்ப முடியவில்லை. அவனேதான். அந்தக் காதும், பின்னங்காலில் நகம் உடைந்திருப்பதும்கூட இருக்கிறது. எப்படி இத்தனையும் ஞாபகம் வைத்திருக்கிறாய்? என் வீட்டுக்காரர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, உன் அண்ணாச்சி மாதிரியே, யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று கேட்டார்.

எனக்கும் அதுதான் கேள்வி. கோழிக்குஞ்சு எங்கே? அதை வரையவே இல்லையே நீ. குடைக்காரன் கூடவே ஒரு கோழிக்குஞ்சு வருமே பானு. அதற்குத்தானே அவன் குடை பிடிப்பான். அதோடுதானே பேசிக்கொண்டே போவான். நகம் உடைந்ததை வரைந்தவள் குஞ்சை எப்படி விட்டாய்?

தேடுதல் வேட்டை நடக்கிறது. மூன்று கேசட் கடைக்குப் போனேன். கார்ட்டூன் பெயர் தெரியாது, எனக்கு இந்தியும் சுத்தமாக வராது. ஒரு கடையில் கன்னத்தை உப்பிக்கொண்டு குடை பிடிக்கிற மாதிரி நடந்தே காட்டினேன். கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஆனால் நாலாவது கடையைப் பற்றி ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. அங்கே பழைய டிவி கேம் கேசட்டெல்லாம் இருக்கிறதாம், உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாமாம்.

சித்திரைக்குள் உனக்கு நிறத்தைக் கண்டுபிடித்துத் தருவது என் பொறுப்பு. கைவலி வராமல் பார்த்துக்கொள்.

அருணா


சிவகாசி
8.2.2003

அன்புள்ள அருணாதேவி அவர்களுக்கு,

நீங்கள் இருவரும் நலமென்று அறிந்ததில் மகிழ்ச்சி. நாங்களும் அப்படியே.

கோழிக்குஞ்சு எதுவும் கிடையாது. நீங்கள் வேறு ஏதோ கார்ட்டூனோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் வந்து பாண்டியைக் கேட்டேன், "குஞ்சா? போக்கா" என்றுவிட்டான். எங்களோடு நின்று பார்த்த செல்வலட்சுமி இப்போது வெடிக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள். அவளிடம் கேட்டேன். அவள் மற்ற இரண்டு பேரையும் கேட்டுச் சொன்னாள். ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடக் குஞ்சு ஞாபகமில்லை. ஐந்து பேருமா மறப்போம்? குடைக்காரன் தனி ஆள். தனியாகத்தான் பேசுவான், தனியாகத்தான் சிரிப்பான். எங்களுக்கு அவனைப் பிடித்ததே அதனால்தான்.

இருந்தாலும் மனசுக்குள் குடைகிறது. நீங்கள் இல்லாததைச் சொல்லுகிற ஆள் இல்லை. அந்த நாலாவது கடைக்குப் போனீர்களா? போனால் நன்றாகப் பார்த்து எழுதுங்கள்.

வெயில் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பானுப்பிரியா


புனே
2.3.2003

அன்புள்ள பானு,

நலம்தானே? நான் நலம் என்பதைவிட ஒரு படி மேலே இருக்கிறேன். குடைக்காரனைப் பிடித்துவிட்டேன்.

அந்தக் கடையில் அவன் டிவி கேமாக இருக்கிறான். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை வந்து கேம் ஆட உட்கார்ந்ததைப் பார்த்துக் கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று உட்கார்ந்தேன். திரையில் அவன் வந்ததும் உன்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

முதலில் நிறம். மனதைத் திடப்படுத்திக்கொள். அவன் வெறும் சாம்பல். தலை, வயிறு, கால் எல்லாம் ஒரே சாம்பல், கழுவிக் கவிழ்த்த அலுமினியச் சட்டி மாதிரி. குடை சிவப்பு. எனக்குச் சப்பென்று போய்விட்டது. நீ சொன்ன மூன்று நிறத்தில்தான் அவன் அழகு.

அடுத்தது குஞ்சு. இருக்கிறது பானு. மஞ்சளாக, உள்ளங்கை அளவு. இது ரெண்டு பேர் ஆடுகிற ஆட்டம். ஒருவர் குடைக்காரனை நடத்த வேண்டும், இன்னொருவர் குஞ்சை. நான் தனியாக ஆடினேனா, குஞ்சு அசையாமல் நின்றது. குடையோடு நான் முன்னால் போனால் அது மழையில் நனைந்து சுருண்டுவிடுகிறது, ஆட்டம் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவரை இழுத்துக்கொண்டு போனேன். வேண்டாவெறுப்பாகக் குஞ்சை வாங்கியவர் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபிறகு நாங்கள் ரெண்டு பேரும் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கேசட் அட்டையிலுள்ள படத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பார், குஞ்சு எப்போதும் படத்தின் இடது பக்கம், குடைக்குக் கீழே. நம் டிவியிலும் அப்படித்தான் வரும். ஒவ்வொரு வாரமும் எங்கள் பட்டாசாலையில் பார்த்தவர்கள் நீங்கள். ஐந்து பேர் கண்ணுக்கும் அது எப்படித் தப்பியது என்று எனக்குப் புரியவே இல்லை.

பங்குனிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது. ஏப்ரலில் ஆமத்தூர் வருகிறேன். உன்னைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்.

அருணா


சிவகாசி
29.3.2003

அன்புள்ள அருணாதேவி அவர்களுக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நிறம் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நன்றி. இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பிரஸ்ஸில் ஆர்டர் அதிகம், லீவு கிடைப்பது கஷ்டம். நீங்கள் வரும்போது என்னால் ஆமத்தூர் வர முடியாது. சிவகாசிக்கு அலைய வேண்டாம்.

மாரியம்மனிடம் எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.

பானுப்பிரியா


ஆமத்தூர்
14.4.2003

அன்புள்ள பானு,

இன்றைக்கு வருடப்பிறப்பு. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று கோயிலில் உன் பெயரையும் சொல்லித்தான் கும்பிட்டேன். பாண்டியின் இருமலையும் சொன்னேன்.

உன் கடைசிக் கடிதம் நாலே வரியில் இருந்தது. ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. புனேயிலிருந்து வருகிற ரயிலில் உன் கடிதங்களையெல்லாம் திரும்பப் படித்துக்கொண்டே வந்தேன். பிப்ரவரியில் எழுதியதில் 'நின்று பார்த்த செல்வலட்சுமி' என்று இருந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்கள்.

நேற்று மத்தியானம் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், நீங்கள் நின்று பார்த்த அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ஒரு கதவு இப்போதும் துருப்பிடித்துத் திறக்காமல்தான் இருக்கிறது. திறந்திருக்கிற பாதியில் எட்டிப் பார்த்தேன். டிவி புதுசு, ஆனால் இருக்கிற இடம் அதேதான். உள்ளே பட்டாசாலைத் தூண். திரையின் இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூணுக்குப் பின்னால் போய்விட்டது. செய்தி வாசிக்கிறவருக்கு ஒரு தோள்தான் இருந்தது. அம்மா உள்ளே இருந்து, "ஏத்தா அருணா, வெயில்ல அங்கன நின்னு என்ன பாக்க? உள்ள வா" என்றாள். எனக்கு அப்படியே அழுகை வந்துவிட்டது. உங்கள் ஐந்து பேரில் ஒருவரையாவது அம்மா அப்படிக் கூப்பிட்டிருக்கிறாளா, நான் கூப்பிட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை.

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம் என்று உனக்கு எழுதினேனே, அதைத் தெரிந்து எழுதினேன் என்றும் சொல்ல முடியாது, தெரியாமல் எழுதினேன் என்றும் சொல்ல முடியாது. அப்படி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து, அப்படித்தான் இருந்தது என்று ஆகிவிட்டது.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும். அதற்காகத்தான் மூன்று கடிதத்திலும் கடைசி வாரத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல் நழுவினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டியிலிருந்து பெரியப்பா பிள்ளைகள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி ஜன்னலைப் பார்த்து, "என்ன, உங்க வீட்டு ஜன்னல்ல இம்புட்டுத் தலை?" என்று சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து போய்ச் சாத்தினேன். யாரும் சாத்தச் சொல்லவில்லை. கொக்கியையும் போட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயதுதான், ஆனால் செய்தது தப்பு என்று அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு நாள் ஞாபகம் இருக்கிறது.

குடை என்ன ஆனது என்று நான் பார்த்தேன். அதை உனக்கு எழுத வேண்டுமானால் ஜன்னலையும் எழுத வேண்டும். இப்போது எழுதிவிட்டேன். என்னை மன்னித்துவிடு பானு. நீ கேட்டால் கடைசி வாரக் கதையை ஒன்று விடாமல் எழுதுகிறேன். சிவகாசி பஸ் ஏற வேண்டும் என்று ரெண்டு தடவை செருப்பை மாட்டினேன். அலைய வேண்டாம் என்று நீ எழுதியது கண் முன்னால் வந்து நின்றது. ஏறவில்லை. இருபதாம் தேதி திரும்புகிறோம்.

உன் படம் என்ன ஆயிற்று? சித்திரை பிறந்துவிட்டதே. அந்த இடம் உனக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அருணா


சிவகாசி
9.6.2003

அருணாவுக்கு,

புனேயில் மழை தொடங்கிவிட்டதா? நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா? இங்கே அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் ஓயவில்லை. பாண்டிக்கு இருமல் நின்றுவிட்டது, உன் வேண்டுதலோ என்னவோ. பதில் போட எட்டு வாரமாகிவிட்டது. வேலை அதிகம் என்பது பாதிக் காரணம். கோபம் மீதிப் பாதி.

ஜன்னலைச் சாத்தியது நீதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். முகம் தெரியவில்லை, கை தெரிந்தது. சிவப்பு ரப்பர் வளையல் போட்டிருந்தாய். மறுநாள் அதே வளையலோடு பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலே எனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தாய். நீயும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் கடிதத்தில் கடைசி வாரத்தைப் பற்றி எழுதும்போது, இவள் சொல்கிறாளா பார்ப்போம் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. அதை மறைத்ததால் நானும் ஒன்றும் பெரிய யோக்கியம் இல்லை. ஆனால் குடை கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் பொய்யில்லை.

இடது பக்கம் என்று நீ எழுதியதைப் படித்ததுமே தூண் என்று தெரிந்துவிட்டது. அது தூண் என்று எனக்கு எப்போதும் தெரியும். அதற்குப் பின்னால் படம் மிச்சம் இருக்கும் என்றுதான் தெரியாது. டிவியே அவ்வளவு அகலம்தான் என்று நினைத்திருந்தேன். தாள் எண்ணுகிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் மை நெடி கண்ணில் ஏறிவிட்டது என்று நினைத்தார்கள். உன் மேல் வந்த கோபத்தைவிட இது பெரிதாக இருந்தது அருணா. அவன் மடையன் இல்லை, பக்கத்தில் ஒருத்தர் நனையாமல் இருக்கக் குடையைச் சாய்த்திருக்கிறான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

குஞ்சை வரைந்து கொடுத்திருந்தால் அண்ணாச்சி சரி என்றிருப்பார். எனக்கு மனசு வரவில்லை. நான் பார்க்காததை எப்படி வரைவேன்? சித்திரை பிறந்து ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன். அதற்குள் ஊரில் ஒரு கலவரம். ஒரு பிரஸ்ஸுக்கு, யாரோ ஒரு கம்பெனிக்காரன் கார்ட்டூனை அப்படியே லேபிளில் போட்டதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அண்ணாச்சி பயந்துபோய், மதுரை ஆள் கம்ப்யூட்டரில் எடுத்து அனுப்பியிருந்த மாதிரிகளையெல்லாம் கிழித்துப் போட்டார். எல்லாம் எங்கிருந்தோ சுட்ட படம்.

அன்றைக்குத்தான் நான் என்னுடையதைக் கொண்டுபோனேன். இந்தத் தடவை மூஞ்சியை என் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தேன், இப்போது பார்த்தால் நீர்யானை என்று யாரும் சொல்ல முடியாது. தலை நீலம், வயிறு ஆரஞ்சு, கால் பச்சை. இடது பக்கத்தைக் காலியாகத்தான் விட்டேன். ஆனால் பெட்டிக்கு நாலு பக்கம் இருக்கிறதல்லவா? பெட்டியைத் திருப்பினால் இடது பக்கத்து முகத்தில் ஒரு ஜன்னல். ஒரு கதவு சாத்தி, ஒரு கதவு திறந்து, கம்பிக்குப் பின்னால் ஐந்து தலை. அவன் இவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறான். குடையின் ஓரம் அந்த ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கிறது.

அண்ணாச்சி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ அனுப்பிய ஜெராக்ஸையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எங்கிருந்து எடுத்தேன் என்பதை மறைக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

"அது சாம்பல், இது மூணு கலரு. அதுக்குக் கோழி இருக்கு, இதுக்கு ஜன்னலு இருக்கு. மூஞ்சியும் வேற" என்று விரல் விட்டு எண்ணினார். "இது எவன் வீட்டுப் படமும் இல்லம்மா. நம்ம படம்."

வைகாசி முதல் தேதியிலிருந்து சோலைமலை அண்ணன் இடத்தில் உட்காருகிறேன். லேபிள் அடித்துப் பெட்டி ஒட்டப் போய்விட்டது. செல்வலட்சுமி நேற்றுச் சாயங்காலம் பெட்டியும் கையுமாக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். "ஏட்டி, கடைசித் தலை நான்தானே? எண்ணெய் வழிய வழியப் போட்டிருக்கியே" என்று சண்டை. அம்மா இப்போது வெடிக் கம்பெனி பேச்சை எடுப்பதில்லை. தெருவில் எல்லாரிடமும் பெட்டியைக் காட்டுகிறாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்றைக்குப் பொய்யாகிவிடும். கோபம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். குறையும் என்று தெரிந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்காக நாலு கடை ஏறி நீர்யானை மாதிரி நடந்து காட்டியவளை என்ன செய்வது? அதை நினைத்தால் சிரிப்பு வந்துவிடுகிறது.

கடைசி வாரக் கதையைக் கடிதத்தில் எழுதாதே. தீபாவளிக்கு ஊருக்கு வருவாய், அப்போது வந்து சொல். பாண்டியும் செல்வலட்சுமியும் இருப்பார்கள், அவர்களுக்கும் தெரிய வேண்டும். ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்கு அரை மணி நேர பஸ். இந்தத் தடவை செருப்பை மாட்டினால் கழற்றாதே. ஊரில் உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். பத்து வருடம் ஒன்றாகப் படித்திருக்கிறோம். நீ ஒரு நாள்கூட எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

பானு